பழைய மாளிகை உணவகத்தில் காசு சாப்பாட்டுக்கா, சுவருக்கா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நூற்றைம்பது வயதான ஒரு வீட்டை ஃபைன் டைனிங் உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். திருமண நாளுக்கு நீங்களும் கணவரும் அங்கே போனீர்கள். மாடியில், முன்பு படுக்கையறையாக இருந்த அறையில் மேசை கொடுத்தார்கள். ஏழு தட்டுகள் கொண்ட டேஸ்டிங் மெனு. வீடு கண்ணை நிறைத்தது. ஆனால் சூப் வெதுவெதுப்பாக வந்தது, மூன்றாவது தட்டுக்கும் நான்காவது தட்டுக்கும் நடுவே அரை மணி நேரம் ஓடியது, பக்கத்து மேசைக்காரர்களின் குடும்பச் சண்டை முழுவதும் உங்கள் காதில் விழுந்தது. மெனு அட்டையில் அச்சிட்டிருந்த வீட்டுக் கதையையும் நம்புவதா என்று சந்தேகம். கடைசியில், "இங்கெல்லாம் சாப்பாட்டுக்கா காசு கொடுக்கிறோம், சுவருக்கா?" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஏமாந்துவிட்டோமா என்பது ஒன்று. இப்படிப்பட்ட வீட்டில் நல்ல சாப்பாடு கிடைக்கவே கிடைக்காதா, கிடைக்கும் என்றால் அதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது என்பது இன்னொன்று.

இருபத்திரண்டு வருடம் பரிமாறும் பக்கத்தில் வேலை பார்த்தவன் நான். தட்டு தூக்குபவனாகத் தொடங்கி, தளப் பொறுப்பாளனாக முடித்தேன். அதில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த வீடுகளில்தான் கழிந்தது. அடுப்படியில் நின்று சமைத்தவன் அல்ல, கட்டடக்கலை படித்தவனும் அல்ல. அந்த இரண்டைப் பற்றியும் நான் சொல்வது, பக்கத்தில் நின்று பார்த்தவனின் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் தொழிலில் கூடம் நிஜமாகவே கோணல்தான். உங்கள் மேசையில் நடந்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்த வீட்டின் அமைப்பிலிருந்து வந்தவை என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் கோணல் கூடம் என்று தெரிந்துதானே ஆட வந்திருக்கிறார்கள்? அதனால் அவர்களைச் சும்மா விடவும் மாட்டேன்.

சூப்பிலிருந்து தொடங்கலாம். பழைய பெரிய வீடுகளில் சமையலறையைச் சாப்பாட்டு அறையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வைத்தார்கள். நெருப்புப் பயம், புகை, வாடை, சத்தம், வேலைக்காரர்கள் விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்ற எண்ணம் எல்லாம் அதற்குக் காரணம். அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகை இதற்கு நல்ல உதாரணம். அங்கே சமையலறை, வீட்டின் தெற்குப் பக்கம் நீண்ட திறந்த மேடைக்கு அடியில் இருந்தது. சாப்பாட்டு அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு நீண்ட கீழ்த்தள வழி. கணப்பின் இரண்டு பக்கமும், கீழே மது நிலவறையிலிருந்து குப்பிகளை மேலே ஏற்றும் சிறு தூக்கிகளை மறைத்து வைத்திருந்தார். தட்டுகளுக்காக, அலமாரித் தட்டுகள் பொருத்திய சுழலும் கதவு ஒன்று. வெளியே ஒருவர் தட்டுகளை அடுக்கிக் கதவைச் சுழற்றினால், உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு மட்டும் தெரியும், கொண்டுவந்தவர் தெரியமாட்டார். சமைத்தவர்களும் சுமந்தவர்களும் அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு' என்று வியப்பவர்கள், அது யாரை மறைப்பதற்கான ஏற்பாடு என்பதை விட்டுவிடுகிறார்கள்.

இந்த மாதிரி வீடு, ஒரே நேரத்தில் ஒரே மேசையில் உட்காரும் ஒரு குடும்பத்துக்காகவும் அவர்களின் விருந்தாளிகளுக்காகவும் கட்டப்பட்டது. அதிலும் பிரெஞ்சு முறைப் பரிமாறலில் ஒரு சுற்றுக்கான பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மேசையில் பரப்பிவிடுவார்கள். அது ஆறிப்போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகக் கொண்டுவரும் ரஷ்ய முறையை 1810 வாக்கில் பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த குராகின் அறிமுகப்படுத்தினார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். தனி ஒருவர் பெயரில் அந்தப் பெருமையை எழுதுவது எவ்வளவு சரி என்பது சந்தேகம்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் போக்கில் அந்த முறை ஐரோப்பாவில் வென்றது உறுதி. இன்று நீங்கள் சாப்பிட்ட டேஸ்டிங் மெனு அதன் பேரப்பிள்ளை. சிக்கல் எங்கே என்றால், ஒரு மேசைக்காகக் கட்டிய வீட்டில் இப்போது பதினான்கு மேசைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தட்டில் நிற்கின்றன.

சமையலறையிலிருந்து தட்டு வெளியேறும் மேடையை நாங்கள் 'பாஸ்' என்போம். செஃப் கடைசியாக ஒரு பார்வை பார்த்து, விளிம்பைத் துடைத்து அனுப்பும் இடம். புதிதாகக் கட்டிய உணவகத்தில் பாஸிலிருந்து மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு காலடி இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் அறுபத்து நான்கு காலடியும் இருபத்தொரு படியும் இருந்தன. எண்ணியிருக்கிறேன், எண்ணாமல் எப்படி? அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிய எந்தத் திரவமும் வேகமாக ஆறும், ஏனென்றால் காற்று படும் பரப்பு அதிகம், உள்ளே தேக்கிவைத்த சூடு குறைவு. குளிர்ந்த தட்டு என்றால் கேட்கவே வேண்டாம், தட்டே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். அதனால்தான் விஷயம் தெரிந்த வீட்டில் சூப்பைத் தட்டில் ஊற்றி எடுத்துவர மாட்டார்கள். சுடவைத்த வெறும் தட்டில் அலங்காரத்தை மட்டும் வைத்துக் கொண்டுவந்து, மூடிய குடுவையிலிருந்து உங்கள் கண்முன் ஊற்றுவார்கள். பலர் அதை நாடகம் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் நாடகம்தான், ஆனால் அதற்குள் இருபத்தொரு படியின் கணக்கு ஒளிந்திருக்கிறது. உங்களுக்குச் சூப்பைத் தட்டோடு ஏந்தி வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே எனக்கு அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது.

எல்லாப் பண்டமும் படியேறாது. மெதுவாக வெந்த இறைச்சி ஏறும், அதன் சாறு கெட்டியாக இருப்பதால் சூட்டைப் பிடித்துவைக்கும். குளிர்ச்சியாகவோ அறை வெப்பத்திலோ பரிமாற வேண்டியவை கவலையில்லாமல் ஏறும். தோல் மொறுமொறுப்பாக வறுத்த மீன் துண்டு ஏறாது, மூடி போட்டால் ஆவியில் ஊறிப்போகும், போடாவிட்டால் ஆறிப்போகும். முட்டை நுரையால் உப்பும் சூஃப்லே ஏறுவது ஓட்டப்பந்தயம். அடுப்பிலிருந்து எடுத்த சில நிமிடத்தில் அது அமுங்கத் தொடங்கிவிடும். இந்த மாதிரி உணவகத்தின் மெனுவை இணையத்தில் பார்க்கும்போது மனதுக்குள் ஒரு படிக்கட்டை வைத்துக்கொண்டு படியுங்கள். மாடியில் மேசை போட்டுவிட்டு வறுவலும் சூஃப்லேயுமாக மெனு எழுதியிருந்தால், செஃப் தன் திறமையைப் பார்த்திருக்கிறார், வீட்டைப் பார்க்கவில்லை. வீட்டைப் படித்துவிட்டு எழுதிய மெனு அடக்கமாகத் தெரியும், மேசைக்கு வரும்போதுதான் அதன் அழகு புரியும்.

அடுத்தது சமையலறையின் நெருக்கடி. இது வாடிக்கையாளர் கண்ணில் படவே படாது. 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய சர்வதேச வழிகாட்டி, அதன் ஐந்தாம் பிரிவில் ஒரு விஷயத்தைச் சொல்கிறது: நினைவுச் சின்னத்தைச் சமூகத்துக்குப் பயனுள்ள வேலைக்குப் பயன்படுத்துவது அதைக் காப்பாற்ற உதவும், ஆனால் அதற்காகக் கட்டடத்தின் உள்ளமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக் கூடாது. சாசனம் சட்டம் அல்ல, சட்டம் நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பாரம்பரியக் கட்டடமாகப் பதிவு செய்யப்பட்ட வீடுகளில் இந்த மனநிலையைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். உணவகச் சமையலறைக்கோ நேரெதிரான தேவைகள். எண்ணெய்ப் புகையை வெளியேற்றப் பெரிய குழாய் வேண்டும், தரையில் வடிகால் வேண்டும், கழிவுநீரில் கொழுப்பைத் தடுக்கும் தொட்டி வேண்டும், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அடுப்பைத் தாங்கும் தரை வேண்டும். பழைய புகைபோக்கியில் எண்ணெய்ப் புகையை விடுவது தற்கொலை. உள்ளே படியும் கொழுப்பு ஒருநாள் தீப்பிடிக்கும், சுவருக்குள் என்ன மரம் புதைந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் பல வீடுகளில் இன்டக்‌ஷன் அடுப்புக்குப் போய்விட்டார்கள். சுடர் இல்லை, எரிவாயுப் புகை இல்லை, வெப்பம் நேராகப் பாத்திரத்தில் உண்டாவதால் அறை வேகாது. ஆனால் பொரிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி இன்டக்‌ஷனிலும் எழத்தான் செய்யும், அதற்குக் குழாய் வேண்டும். அதோடு, வீட்டு மின்கம்பி அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

பிரெஞ்சு செஃப் எஸ்கோஃபியே சமையலறையை வகுத்த முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சாறுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர், எல்லோரும் ஒரு தலைமைச் செஃபின் பார்வையில். 1890இல் லண்டன் சவாய் ஹோட்டலுக்கு அவர் போனபோது அவருக்குக் கிடைத்தது ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறை. வீட்டு உணவகத்தில் அதே முறையை மூன்று சிறு அறைகளாக உடைத்துப் பாருங்கள். மீன் வெந்துவிட்டது, அதன் சாறு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் சுண்டிக்கொண்டிருக்கிறது, கூப்பிட்டால் காதில் விழாது. மெனு நிலையானதாக இருப்பதற்கும் 'இன்று இதுதான்' என்று எல்லோருக்கும் ஒரே தட்டுகளைத் தருவதற்கும் செஃபின் கலைப்பார்வை காரணம் என்று சொல்வார்கள். பல இடங்களில் இடப்பற்றாக்குறை அதைவிடப் பெரிய காரணம்.

இதிலிருந்து தப்பிக்க இரண்டு வழிகளைத்தான் பார்த்திருக்கிறேன். பணமும் நிலமும் இருந்தால், வீட்டைத் தொடாமல் பக்கத்தில் புதுச் சமையலறை கட்டுவது, முடிந்தால் சாப்பாட்டுக் கூடத்தையும் வீட்டோடு ஒட்டிப் புதிதாக நீட்டுவது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ரேமண்ட் பிளாங்க் 1984இல் தொடங்கிய லெ மானுவார் ஓ கட் செசோன் உணவகம் பழைய மேனர் வீட்டில், அதாவது ஒரு பண்ணையார் மாளிகையில், இருக்கிறது என்று பெயர், ஆனால் அங்கே நெடுங்காலம் சாப்பாடு பரிமாறியது கண்ணாடி வேய்ந்த நீட்சிக் கூடத்தில். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, வீட்டின் எல்லையைப் புரிந்துகொண்ட புத்திசாலித்தனம். இன்னொரு வழி, வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதையே மெனுவாக்குவது. மாட்ரிட் நகரில் 1725இல் தொடங்கிய போட்டீன், உலகின் மிகப் பழைய உணவகம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. அதை ஃபைன் டைனிங் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே விறகு அடுப்புதான் எஜமான், அந்த அடுப்பில் வாட்டும் பன்றிக்குட்டிக்குத்தான் கூட்டம் வருகிறது. அந்த அடுப்போடு யாரும் சண்டை போடவில்லை.

அரை மணி நேர இடைவெளிக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இது என் வேலை. ஒரே கூடமாக இருக்கும் உணவகத்தில் தளப் பொறுப்பாளர் ஒரு மூலையில் நின்றால் பன்னிரண்டு மேசையும் தெரியும். யார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார், யார் கதவைப் பார்க்கிறார், யார் தண்ணீர்க் குவளையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார் என்று ஒரு நொடியில் படித்துவிடலாம். வீடு அந்தப் பார்வையை வெட்டிவிடுகிறது. நான்கு அறை என்றால் நான்கு கண் வேண்டும், ஆனால் நான்காவது அறையில் இரண்டே மேசை இருக்கும், அதற்கென்று ஓர் ஆளை நிறுத்த முதலாளிக்கு மனம் வராது. அப்படி மறக்கப்படுவது எப்போதுமே படியேறிப் போக வேண்டிய, கடைசியில் இருக்கிற, சின்ன அறைதான். பார்க்க அதுதான் அழகாக இருக்கும் என்பதால், திருமண நாளுக்கு வருகிறவர்களைக் கொண்டுபோய் அங்கேதான் உட்கார வைப்போம்.

நானே ஒருமுறை செய்திருக்கிறேன். மழை நாள், மரக் கதவு ஊறி உப்பியிருந்தது. பரிமாறிய பையன் வெளியே வரும்போது கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மூடிய கதவைப் பார்த்த மற்றவர்கள், உள்ளே தனிமை கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு பெரியவர் கதவைத் திறந்து, குரலை உயர்த்தாமல், "நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்" என்றார். அவர் திட்டியிருந்தால் இத்தனை வருடம் நினைவில் இருந்திருக்காது. மறுநாளே அந்தக் கதவின் அடியில் மரக் கட்டை வைத்தோம், அந்த அறைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது தலை காட்ட வேண்டும் என்று விதி வைத்தோம். ஒரு விருந்தினர் சொல்லித்தான் அது நடந்தது, அது எனக்கு இன்னும் வெட்கம்தான். உங்கள் இடைவெளிக்குச் சமையலறை காரணமாக இருந்திருந்தால், யாராவது வந்து 'இன்னும் பத்து நிமிடம் ஆகும்' என்று சொல்லியிருப்பார்கள். யாரும் வரவில்லை என்கிறீர்கள். உங்களை மறந்திருக்கிறார்கள் என்பதுதான் என் ஊகம்.

சத்தத்தைப் பொறுத்தவரை வீட்டைத்தான் திட்ட வேண்டும். சுண்ணச் சுவர், மரத் தரை, கண்ணாடி, உயரமான விதானம் எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்பும். குடும்பம் வாழ்ந்தபோது கனத்த திரைச்சீலையும் கம்பளமும் மெத்தை தைத்த நாற்காலியும் அதைக் குடித்தன. உணவகமானதும் சுத்தம் செய்ய வசதியாக இல்லை என்று முதலில் போவது அவைதான். அறையில் சத்தம் ஏறினால் நம்மை அறியாமல் குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911இல் இதை எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஒருவர் உயர்த்த, அடுத்தவர் உயர்த்த, சின்ன அறை சந்தையாகிவிடும். பின்னணிச் சத்தம் அதிகமானால் இனிப்பும் உப்பும் சற்று மங்கித் தெரிகின்றன என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவை ஆய்வுக்கூடத்துச் சத்தத்தில் செய்தவை. உங்கள் பக்கத்து மேசைச் சண்டை உங்கள் இனிப்பை எவ்வளவு கெடுத்தது என்று அதிலிருந்து கணக்குப் போட முடியாது.

இப்போது சுவரின் பக்கமும் நியாயம் பேச வேண்டும். இடம் ருசியை மாற்றுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே முறையில் தயாரித்த சிக்கன் ஆ லா கிங்கை (கிரீம் சாற்றில் கோழித் துண்டுகள்) பத்து வெவ்வேறு இடங்களில் பரிமாறி மதிப்பெண் கேட்டார்கள். முதியோர் இல்லம், ராணுவப் பயிற்சி முகாம் போன்ற இடங்கள் ஒருபக்கம், சொகுசு உணவகம் இன்னொரு பக்கம். பண்டம் ஒன்றுதான், ஆனால் சொகுசு உணவகத்தில் மதிப்பெண் ஏறியது, நிறுவனச் சாப்பாட்டுக் கூடங்களில் இறங்கியது. இடத்துக்கு இடம் சாப்பிட்டவர்கள் வேறு, எதிர்பார்ப்பும் வேறு, அதனால் சுவர் மட்டுமே செய்த வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அழகான அறையில் சாப்பாடு கூடுதலாகப் பிடிப்பது ஏமாளித்தனம் அல்ல. எல்லோருக்கும் அப்படித்தான். உணவகங்களைத் தரம்பிரிக்கும் பிரெஞ்சு மிஷ்லான் கையேடு 1926இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. அந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அறையின் சொகுசைச் சொல்ல நெடுங்காலம் முள்கரண்டியும் கரண்டியும் குறுக்கே வைத்த தனிக் குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். உங்கள் கேள்விக்கு அவர்கள் கணக்கிலேயே இரண்டு பத்தி இருந்தது பாருங்கள்.

காசு எங்கே போகிறது என்பதற்கு, தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு இதுதான்: நீங்கள் கொடுப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொருளுக்கு, அதே அளவோ அதற்கு மேலோ ஆள்கூலிக்கு. மிச்சத்தில் வாடகை, மின்சாரம், உடைந்த கண்ணாடி, வரி, கடைசியாக ஏதாவது மிஞ்சினால் லாபம். வீட்டு உணவகத்தில் இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு இடிக்கும். அறைகள் சிறியவை என்பதால் இருக்கைகள் குறைவு, அறைகள் பல என்பதால் ஆட்கள் அதிகம். கூரை ஒழுகினால் பழைய முறையில், அதே ஓட்டில், அந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். ஆக, சுவருக்கும் கொடுத்தீர்கள் என்பது உண்மை. அதில் குற்றமில்லை. சுவருக்குக் கொடுத்தது போக, சாப்பாட்டுக்குக் கொடுத்ததற்கு ஈடாகச் சாப்பாடு வந்ததா என்றுதான் கேட்க வேண்டும். உங்கள் விஷயத்தில் சூப்புக்கும் அந்த அரை மணி நேரத்துக்கும் வரவில்லை.

மெனு அட்டைக் கதையைப் பொறுத்தவரை, ரசியுங்கள், ஆனால் அடமானம் வைக்காதீர்கள். பாரிஸின் தூர் தார்ஜான் உணவகம் 1582இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது, அதற்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் காட்டப்பட்டதில்லை. 1890இலிருந்து அவர்கள் பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் எண் போடுவது உண்மை, எனக்கு அதுவே போதுமான சுவாரசியம். நியூயார்க்கின் ஃபிரான்ஸஸ் டேவர்ன் என்ற பழைய விடுதி 1719இல் வீடாகக் கட்டப்பட்டது, 1783 டிசம்பர் 4 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தன் அதிகாரிகளிடம் விடைபெற்றது அங்கேதான், இதில் சந்தேகம் இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கட்டடம் பலமுறை தீப்பிடித்து மாற்றிக் கட்டப்பட்டது. 1907இல் முடிந்த புதுப்பிப்பில், முதலில் எப்படி இருந்திருக்கும் என்ற ஊகத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. நீங்கள் பார்க்கும் தோற்றத்தில் எவ்வளவு பழையது என்று இன்றும் வாதம் நடக்கிறது. நீங்கள் போன வீட்டின் கதையில், கட்டிய ஆண்டும் கட்டியவர் பெயரும் நிலப் பத்திரத்தில் இருக்கும் சங்கதிகள், அவை பெரும்பாலும் சரியாக இருக்கும். 'இந்த மேசையில்தான் இன்னார் உட்கார்ந்தார்' என்பது போன்றவற்றை நானே விருந்தினர்களிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் சொன்னார், நானும் சொன்னேன், அவ்வளவுதான்.

அடுத்த முறை இதே மாதிரி இடத்துக்குப் போக நினைத்தால், மேசை பதிவு செய்யும்போது சிலவற்றைக் கேளுங்கள். சமையலறை எந்தத் தளத்தில், எங்கள் மேசை எந்தத் தளத்தில் என்று நேராகவே கேட்கலாம், கோபிக்க மாட்டார்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் ஒரு பதில். வீட்டின் பழைய சாப்பாட்டு அறையிலேயே மேசை கிடைக்குமா என்று கேளுங்கள். வேலைக்காரர் படிக்கட்டோ பரிமாறும் வழியோ அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், வீடு தானே சாப்பாட்டைக் கொண்டுசேர்க்கும் ஒரே அறை அது. ஒரு மாலையில் எத்தனை சீட்டிங், அதாவது எத்தனை சுற்று விருந்தினர்கள், என்று கேளுங்கள். இரண்டு என்றால் முதலாவதை எடுங்கள், அப்போது சமையலறை இன்னும் தடம்புரண்டிருக்காது. நாங்கள் 'நல்ல மேசை' என்று விற்கும் ஜன்னலோர மூலையைவிட, பரிமாறுபவர்கள் கடந்துபோகும் வழியில் உள்ள மேசையில் சாப்பாடு சூடாக வரும், ஆளும் வருவார். காதலுக்கு ஜன்னல், சாப்பாட்டுக்கு வழி என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். உங்களில் யாருக்காவது படியேறக் கஷ்டம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய வீடுகளில் மின்தூக்கி இல்லாதது சகஜம், வந்த பிறகு சொன்னால் எங்களால் மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடியும்.

சூப் ஆறியிருந்தால் இரண்டாவது கரண்டியிலேயே சொல்லுங்கள். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எழுதினால், அந்த மாலையைச் சரிசெய்ய எங்களுக்கு வாய்ப்பே இல்லை. நல்ல நாளில் சங்கடம் வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டிருப்பீர்கள், புரிகிறது. இப்போதும் தாமதமில்லை. 'ஏமாற்றமாக இருந்தது' என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தேதி, எந்த அறை, எந்தத் தட்டுக்குப் பிறகு எத்தனை நிமிடம் யாரும் வரவில்லை என்று எழுதுங்கள். அந்த விவரம் இருந்தால், அன்று அந்த அறை யார் பொறுப்பில் இருந்தது என்று பொறுப்பாளர் தன் புத்தகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இலவசமாக இன்னொரு விருந்து தருகிறோம் என்று பதில் வந்தால், உடனே சரி சொல்லாமல், கீழ்த்தளத்தில் எந்த அறை என்று முதலில் கேளுங்கள்.